செல் தன் புரதங்களைப் பிரித்து வெளியே அனுப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாப்பிட்டு முடித்த சில நிமிடங்களில் கணையத்தின் பீட்டா செல்கள் இரத்தத்தில் இன்சுலினை விடுகின்றன. அதே செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெளியே போகவே கூடாது. எது போக வேண்டும், எது தங்க வேண்டும் என்பதை செல் எப்படிப் பிரிக்கிறது? உயிரியல் படிக்கும் மாணவர்களும், வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் இன்சுலினையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், எல்லோருக்கும் தெரிந்த புரதம் என்பதால்.

இன்சுலின் வெளியே போக வேண்டிய புரதம் என்று செல்லுக்கு யார் சொல்வது?

இன்சுலினேதான் சொல்கிறது. மனித இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கோக்கும் மணிகள்) கொண்ட ஒரே நீளச் சங்கிலியாகத்தான் உருவாகிறது. அதன் முதல் 24 அமினோ அமிலங்கள் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் வேலைக்கு உரியவை அல்ல. அவை ஒரு முகவரி. 'என்னை எண்டோபிளாச வலைக்குள் சேர்த்துவிடு' என்பதுதான் அந்த முகவரியின் பொருள். எண்டோபிளாச வலை என்பது செல்லுக்குள் சவ்வால் ஆன அறைகளின் பின்னல். சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததும் அந்தத் துண்டு வெட்டப்பட்டுவிடும். முடிவில் நம் இரத்தத்தில் ஓடும் இன்சுலினில் அது இருக்காது.

இந்தத் துண்டுக்கு சமிக்ஞை வரிசை என்று பெயர். அது மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மனிதனின் புரத வகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்டோபிளாச வலை வழியாகவே தன் இடத்துக்குப் போகிறது. எதிர்ப்புப் புரதங்கள், செரிமான நொதிகள், கொலாஜன், செல் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பிகள் எல்லாம் இதில் அடக்கம். இந்த வலைக்குள் ஒரு புரதம் நுழைகிறதா இல்லையா என்பதுதான் முதல் பிரிவினை.

இதைக் கண்டுபிடித்தது யார்? கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை எப்படி நிரூபித்தார்கள்?

1971இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் குந்தர் புளோபெலும் டேவிட் சபாட்டினியும் இதை ஒரு யூகமாக முன்வைத்தார்கள். அப்போது கையில் இருந்த ஆதாரம் மிகக் குறைவு. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைனின் குழு ஒரு விநோதத்தைக் கவனித்தது. எதிர்ப்புப் புரதத்தின் ஒரு சங்கிலியைச் சோதனைக் குழாயில் உருவாக்கினால், அது செல் உருவாக்குவதைவிடக் கொஞ்சம் நீளமாக வந்தது. முன்பக்கத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

1975இல் புளோபெலும் பெர்ன்ஹார்ட் டோபர்ஸ்டைனும் செய்த சோதனையை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை. நாயின் கணையத்திலிருந்து எண்டோபிளாச வலையின் சவ்வுத் துண்டுகளைப் பிரித்தெடுத்தார்கள். ஒரு குழாயில் சவ்வு இல்லாமலே புரதம் உருவாகட்டும் என்று விட்டார்கள். புரதம் நீளமாக வந்தது. இன்னொன்றில் புரதம் உருவாகும்போதே சவ்வைச் சேர்த்தார்கள். புரதம் சரியான நீளத்தில் வந்தது. அதோடு, புரதத்தைச் சிதைக்கும் நொதியைக் குழாயில் ஊற்றியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அது சவ்வுப் பைக்குள் பத்திரமாக இருந்தது. மூன்றாவதில் புரதம் முழுதாக உருவாகி முடிந்த பிறகு சவ்வைச் சேர்த்தார்கள். புரதம் வெட்டப்படவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

மூன்று குழாய்கள்தான். ஆனால் மூன்று விஷயங்கள் ஒரேயடியாகத் தெளிந்தன. முகவரி புரதத்தின் முன்பக்கத்தில் இருக்கிறது. சவ்வைக் கடக்கும்போது அது வெட்டப்படுகிறது. கடப்பது புரதம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது.

புளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறுவனாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு இரையாவதற்குச் சில நாட்கள் முன்பு, டிரெஸ்டன் நகரத்தை அவர் பார்த்திருக்கிறார். பரிசுத் தொகையை அந்த நகரத்தின் தேவாலயத்தையும் யூதர்களின் தொழுகைக்கூடத்தையும் கட்டி எழுப்பக் கொடுத்தார். உயிரியல் பாடத்துக்கு இது தேவையில்லைதான், ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி என்று நினைக்கிறேன்.

எல்லாப் புரதங்களுக்கும் ஒரே சமிக்ஞை வரிசைதானா?

இல்லை. முகவரி என்றதும் பின்கோடு நினைவுக்கு வரலாம், ஆனால் இங்கேதான் அந்த உவமை உதவாமல் போகிறது. பின்கோட்டில் ஓர் எண் மாறினாலும் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும். சமிக்ஞை வரிசையில் அந்தக் கண்டிப்பு கிடையாது. 15 முதல் 30 அமினோ அமிலங்கள், நடுவில் தண்ணீரோடு ஒட்டாத, எண்ணெய்த்தன்மை கொண்ட ஒரு பகுதி. அவ்வளவு இருந்தால் பெரும்பாலும் போதும். 1987இல் ஈஸ்ட்டில் செய்த ஒரு சோதனையில், ஒரு புரதத்தின் சமிக்ஞை வரிசையை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கண்டபடி வரிசைகளை ஒட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வேலை செய்தது! அதாவது, செல் படிப்பது எழுத்துகளை அல்ல, அந்தப் பகுதியின் தன்மையை.

அந்த முகவரியைப் படிப்பது எது?

எஸ்.ஆர்.பி. (சமிக்ஞையை அடையாளம் காணும் துகள்) எனப்படும் ஒரு துகள். ஆறு புரதங்களும் சுமார் 300 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்தது. புளோபெலும் பீட்டர் வால்ட்டரும் 1980களின் தொடக்கத்தில் இதை விளக்கினார்கள். புரதத்தை உருவாக்கும் பொறியான ரைபோசோமிலிருந்து சமிக்ஞை வரிசை தலைகாட்டியதும் எஸ்.ஆர்.பி. அதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் புரதம் நீளும் வேகம் குறைகிறது. ரைபோசோமையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எண்டோபிளாச வலையின் சவ்வில் இருக்கும் தன் ஏற்பியிடம் போகிறது. அங்கே செக்61 என்ற நுழைவாயில் இருக்கிறது. புரதம் ஊசியில் நூல் கோப்பதுபோல, மடியாத சங்கிலியாகவே அதன் வழியே உள்ளே நுழைகிறது.

ஏன் இந்த அவசரம்? புரதம் சைட்டோபிளாசத்தில், அதாவது செல்லை நிரப்பியிருக்கும் கூழில், முழுதாக உருவாகி மடிந்துவிட்டால் அந்தக் குறுகிய வாயிலில் நுழையாது. மூன்றாவது குழாயில் புரதம் வெளியிலேயே நின்றுபோனதை நினைத்துப் பாருங்கள்.

உள்ளே நுழைந்த புரதம் நேராக வெளியே போய்விடுமா?

போகாது. எண்டோபிளாச வலைக்குள் அதற்கு நிறைய வேலை காத்திருக்கிறது. சரியாக மடிய வேண்டும், சில புரதங்களுக்குச் சர்க்கரைச் சங்கிலி ஒட்ட வேண்டும், கந்தகப் பிணைப்புகள் சரியான இடத்தில் விழ வேண்டும். இன்சுலினுக்கு மூன்று கந்தகப் பிணைப்புகள். மடிப்பு சரியில்லாத புரதத்தை செல் முன்னே விடாது. திருத்தப் பார்க்கும், முடியாவிட்டால் வெளியே இழுத்துச் சிதைத்துவிடும்.

ஈறில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கும் இந்த இடத்துக்கும் தொடர்பு உண்டு. கொலாஜனில் சில அமினோ அமிலங்களை மாற்றியமைக்கும் நொதி எண்டோபிளாச வலைக்குள்தான் இருக்கிறது. அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது கிடைக்காவிட்டால் கொலாஜனின் மூன்று இழைகளும் உறுதியான முறுக்காகச் சேர்வதில்லை.

எண்டோபிளாச வலையின் இந்த மடிப்புச் சோதனை கொஞ்சம் அதிகக் கண்டிப்பானது என்றுகூடச் சொல்லலாம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் மிகப் பரவலான மரபணுப் பிழை, செல் சவ்வில் உப்புக்கான வாயிலாக இருக்கும் சி.எஃப்.டி.ஆர். என்ற புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் விடுபட்டுப்போவது. அந்தப் புரதம் செல் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவு வேலை செய்யும். ஆனால் எண்டோபிளாச வலை அதைப் பிடித்து வைத்து அழித்துவிடுகிறது. இப்போது இந்த நோய்க்குத் தரப்படும் மருந்துகளில் சில, அந்தப் புரதம் சரியாக மடிய உதவி, தடையைத் தாண்டவைப்பவை. கூட்டு மருந்தாக 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ட்ரைகாஃப்டா அந்த வகை.

ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் கதை இதற்கு இன்னொரு பக்கம். கல்லீரல் உருவாக்கி நுரையீரலைக் காப்பாற்ற அனுப்பும் புரதம் அது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதால் கல்லீரல் செல்லிலேயே தேங்கிவிடுகிறது. தேங்கிய இடத்தில் கல்லீரல் கெடுகிறது, போய்ச் சேராத இடத்தில் நுரையீரல் கெடுகிறது.

அங்கிருந்து கோல்கை உடலத்துக்கு எவ்வளவு நேரத்தில் போகிறது?

எண்டோபிளாச வலையை விட்ட புரதம் அடுத்துப் போய்ச் சேரும், அடுக்கடுக்கான சவ்வுப் பைகள்தான் கோல்கை உடலம். அந்த நேரத்தை 1960களிலேயே அளந்துவிட்டார்கள். ருமேனியாவில் பிறந்த ஜார்ஜ் பலாடேயும் அவருடைய சகாக்களும் கினிப்பன்றியின் கணையத் திசுவுக்கு 3 நிமிடம் மட்டும் கதிரியக்க லூசின் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தார்கள். பிறகு சாதாரண லூசின். அந்த 3 நிமிடத்தில் உருவான புரதங்களுக்கு மட்டும் அடையாளம் இருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடினார்கள். முதலில் எண்டோபிளாச வலையில், சுமார் 20 நிமிடத்தில் கோல்கையில், 2 மணி நேரத்தில், வெளியே போக வேண்டிய புரதத்தை அடைத்து வைக்கும் சுரப்புத் துகள்களில். பாடநூலில் நாம் வரையும் அம்புக்குறிகள் எல்லாம் இந்தச் சோதனையிலிருந்து வந்தவை. 1974இல் பலாடேக்கு நோபல் பரிசு.

பயணம் நுண்பைகளில், அதாவது சவ்வால் ஆன சிறு பைகளில், நடக்கிறது. காப்2 என்ற புரத உறை சவ்வை வளைத்து ஒரு மொட்டுபோலக் கிள்ளியெடுக்கிறது. எண்டோபிளாச வலையிலேயே தங்கி வேலை செய்ய வேண்டிய புரதங்களும் சில சமயம் கூட்டத்தோடு போய்விடும். அவற்றின் வால்முனையில் கே.டி.இ.எல். என்ற நான்கு எழுத்து முத்திரை இருக்கிறது. லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லூசின் என்ற நான்கின் சுருக்கம். கோல்கையில் இருக்கும் ஏற்பி அதைப் பார்த்ததும் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும். 1987இல் மன்ரோவும் பெல்லமும் இந்த முத்திரையை வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். புரதம் செல்லைவிட்டே வெளியேறிவிட்டது.

அப்படியென்றால் கோல்கையில்தான் பிரிப்பு நடக்கிறதா?

முக்கியமான ஒரு பிரிப்பு அங்கேதான், கோல்கையின் கடைசி அடுக்குகளில். ஆனால் 'கோல்கை ஒரு தபால் நிலையம்' என்று படம் போட்டுச் சொல்லும்போது, யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்த்து 'இது வெளியே, இது உள்ளே' என்று எடுத்துவைப்பதுபோல மனதில் பதிந்துவிடுகிறது. எனக்கு அந்தப் படம் பிடிக்காததற்கு அதுதான் காரணம். உண்மையில், சாதாரணக் கரையும் புரதம் ஒன்று எண்டோபிளாச வலைக்குள் நுழைந்துவிட்டு, வேறு எந்த முத்திரையும் இல்லாமல் இருந்தால், அது பெரும்பாலும் வெளியேதான் போய்ச் சேரும். தங்கவைக்கத்தான் தனி முத்திரை வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி ஓர் அரிய குழந்தை நோய். ஐ-செல் நோய் என்று பெயர். லைசோசோம் என்பது செல்லின் கழிவுகளைச் சிதைக்கும் பை. அதற்குப் போக வேண்டிய நொதிகளுக்குக் கோல்கையில் மானோஸ்-6-பாஸ்பேட் என்ற முத்திரை குத்தப்படும். இந்தக் குழந்தைகளுக்கு அந்த முத்திரையைக் குத்தும் நொதி இல்லை. லைசோசோம்கள் சிதைபடாத கழிவால் உப்பிப்போகின்றன. நொதிகள் உருவாகவில்லையோ என்று தேடினால், அவை இரத்தத்தில் ஏராளமாக இருக்கின்றன! உருவாகியிருக்கின்றன, வேலை செய்யும் திறனோடும் இருக்கின்றன, முத்திரை இல்லாததால் வெளியே கொட்டிப் போயிருக்கின்றன. 1970களில் எலிசபெத் நியூஃபெல்டும் பிறகு வில்லியம் ஸ்லை, ஸ்டூவர்ட் கோர்ன்ஃபெல்டு போன்றவர்களும் இந்தப் புதிரைப் படிப்படியாக அவிழ்த்தார்கள்.

அந்த அறிவு மற்றக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது. பாம்பே (Pompe) என்ற பரம்பரை நோயில் லைசோசோம் நொதி ஒன்று குறைகிறது. அந்த நொதியை, மானோஸ்-6-பாஸ்பேட் முத்திரையோடு, ஊசி வழியாக இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். செல்லின் வெளிச்சவ்விலும் அந்த முத்திரைக்கான ஏற்பி இருப்பதால் அது பிடித்து உள்ளே இழுத்து லைசோசோமில் சேர்க்கிறது.

இன்சுலின் ஏன் உடனே வெளியே போகாமல் காத்திருக்கிறது?

வெளியேற்றத்தில் இரண்டு வகை உண்டு. எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும் பிளாஸ்மா செல், உருவாக உருவாக நிற்காமல் விட்டுக்கொண்டே இருக்கும். பீட்டா செல் அப்படிச் செய்தால் நாம் சாப்பிடாமல் தூங்கும்போதும் இன்சுலின் கொட்டி, இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அதனால் அது சேமித்து வைக்கிறது. ஒரு பீட்டா செல்லில் சுமார் 10,000 சுரப்புத் துகள்கள் இருக்கும்.

சேமிப்புக்குப் பிரித்தெடுப்பது எப்படி? கோல்கையின் கடைசிப் பகுதியில் அமிலத்தன்மையும் கால்சியமும் கூடுகின்றன. அந்தச் சூழலில் சேமிக்க வேண்டிய புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடுகின்றன, பால் திரிவதுபோல. திரண்ட கட்டியைச் சுற்றிச் சவ்வு மூடி இளம் துகள் ஆகிறது. திரளாமல் தவறி உள்ளே வந்தவை சிறு நுண்பைகளில் கழித்துவிடப்படுகின்றன. துகளுக்குள் 86 அமினோ அமிலமுள்ள முன்னோடி இன்சுலின் வெட்டப்பட்டு, 51 அமினோ அமிலமுள்ள இன்சுலினும் 31 உள்ள சி-பெப்டைடு என்ற துண்டும் பிரிகின்றன. இடையில் நான்கு அமினோ அமிலங்கள் உதிர்ந்துபோகும். இன்சுலின் துத்தநாகத்தோடு சேர்ந்து ஆறு ஆறாக அடுக்கிப் படிகமாகவே உறைகிறது.

அப்புறம் காத்திருப்பு. சாப்பாட்டுக்குப் பின் குளுக்கோஸ் செல்லுக்குள் வந்து எரிந்து, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. கூடும். அது பொட்டாசியம் வாயிலை மூடும், செல்லின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், துகள்கள் வெடித்துத் திறக்கும். நம் வீடுகளில் பலர் சாப்பிடும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் செய்வதும் அதே பொட்டாசியம் வாயிலை மூடுவதுதான். ஏற்கெனவே அடைத்து வைத்த துகள்களைத் திறக்கவைக்கின்றன. பீட்டா செல்லே இல்லாத முதல் வகைச் சர்க்கரை நோயில் இந்த மாத்திரைகள் பயன்படாதது இதனால்தான்.

துகள் செல் சவ்வோடு எப்படி ஒன்றுசேர்கிறது?

இதன் விடை பாதி ஈஸ்ட்டிலிருந்து வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் ராண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும், சூடாக்கினால் சுரப்பு நின்றுபோகும் ஈஸ்ட்டுகளைத் தேடினார்கள். வெளியே போக முடியாமல் புரதம் தேங்கும் செல் கனக்கும் என்பது அவர்கள் பிடித்துக்கொண்ட நுனி. அடர்த்தியான செல்களை மட்டும் பிரித்தெடுத்தார்கள். 1980க்குள் 23 மரபணுக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் பாதையில் ஓர் இடத்தில் போக்குவரத்தை நிறுத்திக் காட்டியது. ரொட்டியைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டுக்கும் நம் கணையத்துக்கும் அடிப்படைப் பொறி ஒன்றே.

மறுபாதியைச் செய்தவர் ஜேம்ஸ் ரோத்மன். செல்லை உடைத்து, கோல்கையைக் குழாயில் வேலை செய்யவைத்து, ஸ்னேர் என்ற புரதங்களை அடையாளம் கண்டார். நுண்பையில் ஒன்று, சவ்வில் மற்றவை. அவை கயிறு திரிப்பதுபோல முறுக்கிக்கொண்டு இரண்டு சவ்வுகளையும் நெருக்கி ஒட்டவைக்கின்றன. கால்சியம் வந்ததும் இதை நடத்திவைக்கும் பொறியைத் தாமஸ் சூடோஃப் விளக்கினார். மூவருக்கும் 2013இல் நோபல் பரிசு. ஆணி குத்தினால் ரணஜன்னி ஊசி போடுகிறோமே, அந்தக் கிருமியின் நஞ்சு வெட்டுவது இந்த ஸ்னேர்களில் ஒன்றைத்தான்.

சமிக்ஞை வரிசை இல்லாமல் வெளியே போகும் புரதங்கள் உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா அப்படிப்பட்டது. கோல்கைப் பக்கமே போகாமல், செல் சவ்வில் திறக்கும் துளைகள் வழியாக வெளியேறுகிறது.

இந்தப் பாதையில் பின்னோக்கி வர முடியுமா?

காலரா நஞ்சு அப்படித்தான் வருகிறது. நோயை உண்டாக்குவது கிருமி வெளிவிடும் நஞ்சு என்று 1959இல் கொல்கத்தாவில் காட்டியவர் எஸ்.என். டே. அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் புகுந்து, கோல்கை வழியாக எண்டோபிளாச வலைவரை எதிர்த்திசையில் போகிறது. அதன் ஒரு துண்டின் முனையில் கே.டி.இ.எல். முத்திரை இருக்கிறது. செல் தன் சொந்தப் புரதம் என்று நினைத்துத் திருப்பி அழைத்துக்கொள்கிறது. வலைக்குள் வந்ததும் நஞ்சு மடிப்பு அவிழ்ந்து, கெட்ட புரதங்களை வெளியே இழுக்கும் வழியைப் பயன்படுத்திச் சைட்டோபிளாசத்தில் இறங்குகிறது. கடைசியில் குடலில் தண்ணீரையும் உப்பையும் கொட்டவைப்பது, முன்னே பார்த்த அதே சி.எஃப்.டி.ஆர். வாயிலைத் திறந்துவிடுவதன் மூலம்.

அப்பாவுக்கு சி-பெப்டைடு பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்சுலின் ஊசி போடுகிறவருக்கு அது எதற்கு?

இரத்தத்தில் இன்சுலினை மட்டும் அளந்தால் ஊசியில் வந்தது எது, கணையம் தந்தது எது என்று பிரித்துச் சொல்வது கடினம். மருந்துக்கடை இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஆனால் பீட்டா செல்லின் துகளுக்குள் ஒரு முன்னோடி வெட்டப்பட்டால் ஓர் இன்சுலினும் ஒரு சி-பெப்டைடும் கிடைக்கும். துகள் திறக்கும்போது இரண்டும் சேர்ந்தே இரத்தத்துக்கு வரும். இன்சுலினைக் கல்லீரல் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும், சி-பெப்டைடு கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். அதனால் அப்பாவின் இரத்தத்தில் இருக்கும் சி-பெப்டைடு முழுவதும் அவருடைய சொந்த பீட்டா செல்கள் பிரித்து, சேமித்து, வெளியே அனுப்பியது. அந்தச் செல்கள் இன்னும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை மருத்துவர் அந்த எண்ணிலிருந்து கணிக்கிறார்.